பட்டயக் கம்பெனியும் காப்பரசும்: தெற்கு ஆப்பிரிக்காவில் நிலம் யார் கைக்குப் போனது

இன்றைய ஜிம்பாப்வே, போட்ஸ்வானா, சாம்பியா மூன்றும் அடுத்தடுத்த நாடுகள். மூன்றும் ஏறத்தாழ ஒரே காலத்தில், 1885-க்கும் 1900-க்கும் இடையில், பிரிட்டனின் பிடிக்குள் வந்தன. வந்த வழிதான் வேறு. ஜிம்பாப்வேயை 33 ஆண்டுகள் ஒரு பங்குக் கம்பெனி ஆண்டது. போட்ஸ்வானா 81 ஆண்டுகள் காப்பரசாக, அதாவது உள்ளூர் அரசர்களை வைத்துக்கொண்டே பிரிட்டன் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்ட நாடாக இருந்தது. சாம்பியா முதலில் கம்பெனியிடம் இருந்து, 1924-இல் காப்பரசாக மாறியது. ஆள்பவர் பிரிட்டிஷ்காரர்தானே, இதில் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். யாருடைய நிலம் யார் கையில் தங்கியது என்று பார்த்தால் வேறுபாடு தெரியும். அதனால்தான் இந்த இரண்டு ஏற்பாடுகளையும் தனித்தனியாகப் புரிந்துகொள்வது அவசியம்.

பட்டயக் கம்பெனி என்பது, அரசோ அரசியோ கொடுத்த பட்டயத்தின் பேரில் வியாபாரத்தோடு ஆட்சியும் நடத்தும் கம்பெனி. நமக்கு இது புதிதல்ல. சென்னையில் கோட்டை கட்டிய கும்பினியும் 1600-இல் எலிசபெத் அரசி கொடுத்த பட்டயத்தால் பிறந்ததுதான். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு அதன் ஆட்சி முடிந்தது; இனிக் கம்பெனிகளிடம் நாட்டைக் கொடுப்பதில்லை என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் 1880-களில் அந்த முறை மறுபடி உயிர்பெற்றது. வட போர்னியோவுக்கு 1881, நைஜருக்கு 1886, கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு 1888, கடைசியாக 1889-இல் தென்னாப்பிரிக்க வைரச் சுரங்க முதலாளி செசில் ரோட்ஸின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனி.

காரணம் பணம். ஜெர்மனி 1884-இல் தென்மேற்கு ஆப்பிரிக்காவில் கொடி நட்டுவிட்டது. கிழக்கே போர்ச்சுகல், தெற்கே, டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களின் டிரான்ஸ்வால் குடியரசு. வடக்கே போகும் பாதையை இழக்க லண்டனுக்கு மனமில்லை. அதற்காகப் படை அனுப்பி, அதிகாரிகளை அமர்த்தி, ஆண்டுதோறும் செலவழிக்கக் கருவூலமும் நாடாளுமன்றமும் தயாராக இல்லை. செலவைத் தனியார் ஏற்று, கொடியை மட்டும் பிரிட்டனுக்குத் தருவதாகச் சொன்னால் அந்த அரசுக்கு அதைவிட வசதி வேறில்லை.

காப்பரசு இன்னொரு மலிவான வழி. உள்ளூர் அரசர் தம் இடத்திலேயே இருப்பார். வெளியார் யாரோடும் உறவு வைத்துக்கொள்ளும் உரிமை மட்டும் பிரிட்டனிடம் போகும். சட்டப்படி அந்த மண் பிரிட்டிஷ் மண் அல்ல, அந்நிய நாடுதான். அங்கே வாழ்பவர்கள் பிரிட்டிஷ் குடிகளும் அல்லர். பிரிட்டனின் பாதுகாப்பில் உள்ளவர்கள், அவ்வளவே. இப்படித்தான் ஏட்டில் இருந்தது. நடைமுறை எங்கே விலகியது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

முதலில் கம்பெனி வழி. சுரங்கம் தோண்டும் அனுமதி ஒன்று படிப்படியாக ஒரு நாட்டின் அரசாங்கமாக வளர்ந்ததை ஜிம்பாப்வேயில் தெளிவாகப் பார்க்கலாம்.

1888 பிப்ரவரியில், இன்றைய ஜிம்பாப்வேயின் மேற்குப் பகுதியை ஆண்ட நெடெபெலே அரசர் லோபெங்குலா, பிரிட்டிஷ் உயர் ஆணையரின் ஒப்புதல் இல்லாமல் யாருக்கும் நிலம் தருவதில்லை என்று பிரிட்டிஷ் அதிகாரி ஜான் மோஃபட்டிடம் கையெழுத்திட்டார். இது போட்டியாளர்களை வெளியே நிறுத்தியது. அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று ரோட்ஸின் ஆட்களான சார்ல்ஸ் ரட், மக்வயர், தாம்ப்சன் மூவரும் அவரிடம் ரட் ஒப்பந்தத்தைப் பெற்றார்கள். அதில் அரசருக்கு எழுதப்பட்டது இது: மாதம் 100 பவுண்டு, 1,000 மார்ட்டினி-ஹென்ரி துப்பாக்கிகள், 1,00,000 தோட்டாக்கள், சாம்பேசி ஆற்றில் ஓட ஒரு பீரங்கிப் படகு அல்லது அதற்குப் பதில் 500 பவுண்டு. அவர் கொடுத்தது: தம் ஆட்சிப்பகுதியிலுள்ள எல்லா உலோகங்கள், கனிமங்கள் மீதும் முழு உரிமை, அவற்றை எடுக்க 'தேவையென்று அவர்கள் கருதும் அனைத்தையும்' செய்யும் அதிகாரம்.

எல்லாம் இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. பேச்சுவார்த்தையில் மொழிபெயர்த்தவர் சார்ல்ஸ் ஹெல்ம் என்ற பாதிரியார். பத்து வெள்ளையருக்கு மேல் வரமாட்டோம், ஊர்களுக்கு அருகில் தோண்டமாட்டோம், அரசரின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அவருடைய குடிகளைப் போல இருப்போம் என்று வாய்மொழியாக வாக்குக் கொடுத்தார்கள் என்றும், அவற்றில் ஒன்றும் பத்திரத்தில் ஏறவில்லை என்றும் அவரே பின்னர் எழுதியிருக்கிறார். லோபெங்குலாவுக்கு எழுத்து தெரியாது. அவர் கேட்டது வாக்கு. அவர் முத்திரை விழுந்தது எழுத்தின் மேல்.

விவரம் தெரிந்ததும் அவர் சும்மா இருக்கவில்லை. இரண்டு மூத்த தூதர்களை லண்டனுக்கு அனுப்பினார். 1889 தொடக்கத்தில் அவர்கள் விக்டோரியா அரசியை நேரில் பார்த்தார்கள். அரசியின் பெயரால் மார்ச் மாதம் வந்த பதில் எச்சரிக்கையாகவே இருந்தது: அரசன் அந்நியனுக்கு ஒரு மாட்டைக் கொடுப்பான், மந்தை முழுவதையும் கொடுத்துவிடமாட்டான். அப்படி எழுதிய அரசாங்கம்தான் ஏழு மாதம் கழித்து, அக்டோபர் 29 அன்று, மந்தை முழுவதற்கும் பட்டயம் கொடுத்தது.

பட்டயம் கொடுத்த அதிகாரங்களின் நீளம் கவனிக்கத்தக்கது: உடன்படிக்கை செய்யலாம், சட்டம் இயற்றலாம், போலீஸ் வைக்கலாம், ரயில் பாதையும் தந்தியும் போடலாம், வங்கி நடத்தலாம், நிலத்தைப் பிரித்துக் கொடுக்கலாம். அடிமை வியாபாரத்தை ஒழிக்க வேண்டும், மது விற்பனையைக் கட்டுப்படுத்த வேண்டும், உள்ளூர் வழக்கங்களை மதிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் இருந்தன. கண்காணிக்க வேண்டியவர் ஆயிரம் மைலுக்கும் அப்பால் கேப் டவுனில் இருந்த உயர் ஆணையர். இதில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு: ரோட்ஸ் 1890 ஜூலையில், தென்முனையில் இருந்த பிரிட்டிஷ் கேப் காலனியின் பிரதமரும் ஆகிவிட்டார். கம்பெனியின் தலைமூளையும் பக்கத்துக் காலனி அரசின் தலைவரும் ஒரே ஆள். பட்டயம் வடக்கு எல்லை என்று எதையும் குறிக்கவில்லை. அது கவனக்குறைவு அல்ல, ரோட்ஸுக்கு வேண்டியதும் அதுதான்.

கணக்குப் புத்தகத்திலும் ஒரு விஷயம் மறைந்திருந்தது. பத்து லட்சம் பவுண்டு முதலோடு, ஒரு பவுண்டு பங்குகளாகத் தொடங்கிய இந்தக் கம்பெனியிடம் ரட் ஒப்பந்தமே இல்லை. அது ரோட்ஸும் கூட்டாளிகளும் வைத்திருந்த வேறொரு நிறுவனத்தின் சொத்து. பட்டயக் கம்பெனி எல்லாச் செலவையும் ஏற்று, லாபத்தில் பாதியை அந்த நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது உள் ஏற்பாடு. இது வெளியே தெரிந்தபோது லண்டன் அதிகாரிகள் கொதித்தார்கள். ஆனால் அதற்குள் படை போய்ச் சேர்ந்துவிட்டதால் பட்டயத்தைப் பறிக்கவில்லை. கடைசியில் பத்து லட்சம் புதிய பங்குகளை அச்சிட்டுக் கொடுத்து அந்த உரிமையைக் கம்பெனி வாங்கிக்கொண்டது. சாதாரணப் பங்குதாரருக்கு 1924 வரை ஒரு பென்னிகூட லாபப் பங்கு கிடைக்கவில்லை. பங்கின் விலை ஏறும்போது விற்றவர்களுக்கே பணம்.

1890 ஜூன் இறுதியில் முன்னோடிப் படை கிளம்பியது. சுமார் 200 குடியேறிகள், அவர்களுக்குக் காவலாக ஏறத்தாழ 500 கம்பெனி போலீசார். ஒவ்வொரு குடியேறிக்கும் வாக்களிக்கப்பட்டது 3,000 ஏக்கர் நிலமும் 15 தங்கச் சுரங்க உரிமைகளும். ரட் ஒப்பந்தத்தில் நிலம் என்ற பேச்சே கிடையாது என்பதை இங்கே நினைவில் வையுங்கள். நெடெபெலே நாட்டைச் சுற்றிக்கொண்டு ஷோனா மக்களின் பகுதிக்குள் நுழைந்து, செப்டம்பரில் சாலிஸ்பரி கோட்டையில் கொடி ஏற்றினார்கள். இன்றைய ஹராரே அதுதான்.

ஆனால் ஜோஹானஸ்பர்க்கில் கிடைத்தது போன்ற தங்கம் அங்கே இல்லை. கம்பெனியின் போக்கை முடிவு செய்தது இந்த ஏமாற்றம்தான். தங்கம் இல்லையென்றால் பங்கு விலையைத் தாங்க வேறு சொத்து வேண்டும். கையில் இருந்தது நிலம் ஒன்றுதான். அதனால் நிலத்தைச் சம்பளமாக, பரிசாக, முதலீட்டை இழுக்கும் தூண்டிலாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். சர் ஜான் வில்லோபி என்ற ஒருவரின் நிறுவனத்துக்கு மட்டும் 6,00,000 ஏக்கர் போனது. சட்ட ஓட்டையை அடைக்க இன்னொரு பத்திரம் கிடைத்தது: லோபெங்குலா 1891-இல் எட்வர்ட் லிப்பர்ட் என்ற ஜெர்மானியருக்கு நில உரிமை எழுதிக்கொடுத்தார். ரோட்ஸுக்குப் போட்டியாளர் என்று நம்பித்தான் கொடுத்தார். லிப்பர்ட் அதைக் கம்பெனிக்கே விற்றுவிட்டார்.

1893-இல் போர். மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு முன்னால் நெடெபெலே படை ஷங்கானியிலும் பெம்பெசியிலும் சிதறியது. நவம்பர் 4 அன்று புலவாயோ கம்பெனி வசமானது. படையில் சேர்ந்த தொண்டர் ஒவ்வொருவருக்கும் 6,000 ஏக்கர் பண்ணை, 20 தங்க உரிமைகள், கொள்ளையடித்த மாடுகளில் பங்கு என்று போருக்கு முன்பே எழுதி வைத்திருந்தார்கள். நாட்டிலுள்ள மாடுகள் அனைத்தும் அரசருடையவை, அரசர் தோற்றதால் அவை கம்பெனியுடையவை என்று சொல்லி மக்களின் மந்தைகளையும் ஓட்டிச் சென்றார்கள். நெடெபெலேயருக்கு ஒதுக்கப்பட்டவை குவாய், ஷங்கானி என்ற இரண்டு ஒதுக்கீட்டுப் பகுதிகள். தண்ணீரில்லாத, பெரும்பாலானோர் போய்க் குடியிருக்கவே மறுத்த இடங்கள். 1894-இல் குடிசைக்கு 10 ஷில்லிங் வரி வந்தது. வரி கட்டக் காசு வேண்டும். காசுக்கு வெள்ளையரின் சுரங்கத்திலோ பண்ணையிலோ கூலி வேலை பார்க்க வேண்டும். வரியின் நோக்கத்தில் வருமானம் பாதி, கூலியாள் பாதி.

அடுத்து நடந்தது கம்பெனி ஆட்சியின் அடிப்படைக் கோளாறைக் காட்டுகிறது. 1895 டிசம்பர் 29 அன்று கம்பெனியின் நிர்வாகி லீண்டர் ஸ்டார் ஜேமிசன், 500-க்கும் மேற்பட்ட ஆட்களோடு டிரான்ஸ்வால் குடியரசைக் கவிழ்க்கப் புறப்பட்டு, ஜனவரி 2 அன்று டோர்ன்கோப்பில் சரணடைந்தார். நாட்டின் போலீசில் பெரும்பகுதி அவரோடு போய்விட்டது. 1896 மார்ச்சில் நெடெபெலேயரும், ஜூனில் ஷோனா மக்களும் எழுந்தார்கள். நிலமும் மாடும் போன வேதனையோடு வறட்சியும், மிச்ச மாடுகளைக் கொன்ற ரிண்டர்பெஸ்ட் நோயும் சேர்ந்திருந்தன. முதல் சிமுரெங்கா என்று இன்று அழைக்கப்படும் இந்த எழுச்சி 1897 வரை நீடித்தது. ஷோனா மக்களின் ஆவி ஊடகரான நெஹாண்டாவைத் தூக்கிலிட்டது 1898-இல். ஓர் அரசாங்கத்தின் காவல்படையில் பெரும்பகுதி ஒரு வியாபாரத் திட்டத்துக்காக அண்டை நாட்டின் மேல் பாயும் என்றால், அந்த மக்களைக் காக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை என்றே பொருள். லண்டனும் இதை உணர்ந்து, 1898 முதல் ஓர் அரசுப் பிரதிநிதியை சாலிஸ்பரியில் உட்கார வைத்தது. ஆட்சி மட்டும் கம்பெனியிடமே இருந்தது.

இனி எல்லைக்கு மேற்கே போகலாம். பெச்சுவானாலாந்து, இன்றைய போட்ஸ்வானா, 1885-இல் காப்பரசாக அறிவிக்கப்பட்டது. ஜெர்மானியரும் போயர்களும் கைகோத்துவிடாமல் நடுவில் ஒரு பாதையைக் காப்பதே நோக்கம். உயர் ஆணையர் ஹெர்குலிஸ் ராபின்சன் வெளிப்படையாகவே எழுதினார்: மோலோப்போ ஆற்றுக்கு வடக்கே உள்நாட்டுக்குப் போகும் சாலை என்பதைத் தவிர நமக்கு அக்கறை இல்லை, நிர்வாகம் என்று எவ்வளவு குறைவாகச் செய்ய முடியுமோ அவ்வளவு போதும். வடக்கு எல்லையை 22-ஆம் அட்சரேகையில் போட்டதால் ங்வாட்டோ அரசர் மூன்றாம் காமாவின் நாடே இரண்டாக வெட்டுப்பட்டது. 1890-இல்தான் அது வடக்கே நீட்டப்பட்டது. நிர்வாகத் தலைமையிடம் நாட்டுக்கு வெளியே, கேப் காலனியின் மாஃபெக்கிங்கில் இருந்தது. 1965-இல் கபரோன் தயாராகும் வரை அங்கேயே இருந்தது. தன் எல்லைக்குள் தலைநகரே இல்லாத நாடு என்பதிலிருந்தே லண்டனின் அக்கறை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்த அலட்சியமே மக்களுக்கு ஒருவகையில் கவசமானது. பங்குதாரர் இல்லை, எனவே நிலத்தை விற்கும் அவசரமும் இல்லை. வரிகூட 1899-இல்தான் வந்தது. தலைவர்களே வசூலித்து, அதில் பத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் இந்தக் கவசம் தானாக நிலைக்கவில்லை. 1895-இல் காப்பரசையும் ரோட்ஸின் கம்பெனியிடம் ஒப்படைக்க ஏற்பாடு நடந்தது. காமா, குவேனா அரசர் செபெலே, ங்வாக்கெட்சே அரசர் பாத்தோன் மூவரும் வில்லோபி என்ற பாதிரியாரைத் (மேலே சொன்ன நில முதலாளி அல்ல) துணைக்கு அழைத்துக்கொண்டு கப்பல் ஏறினார்கள். குடியேற்ற அமைச்சர் ஜோசப் சேம்பர்லின், கம்பெனியோடு பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு விடுமுறைக்குப் போய்விட்டார். அவர்கள் ஊர் ஊராகப் போய்த் தேவாலயங்களிலும் மண்டபங்களிலும் பேசினார்கள். பக்கத்து நாட்டில் லோபெங்குலாவின் மக்களுக்கு என்ன ஆனது என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். கம்பெனி வந்தால் நிலம் போகும், மதுக்கடை வரும் என்றார்கள். பிரிட்டனின் மதுவிலக்கு இயக்கத்தாரும் சபை விசுவாசிகளும் அவர்கள் பக்கம் திரண்டார்கள். விடுமுறை முடிந்து வந்த சேம்பர்லினின் மேஜையில் மனுக்கள் குவிந்திருந்தன. நவம்பரில் உடன்பாடு ஏற்பட்டது: ரயில் பாதைக்காகக் கிழக்கே ஒரு நீளத்துண்டு நிலம் விட்டுக்கொடுப்பது, வரி கட்டுவது, பதிலுக்கு அவர்கள் நாடுகள் அரசியின் பாதுகாப்பிலேயே தொடரும், வெள்ளையரின் மது உள்ளே விற்கப்படாது.

எல்லோரும் தப்பவில்லை. எல்லையோரமாக இருந்த சில சிறிய தலைவர்களின் நிலம் கம்பெனிக்குக் கைமாறியது. அப்படிக் கிடைத்த பிட்சானியில்தான் ஜேமிசன் தம் ஆட்களைத் திரட்டினார். அந்தப் படையெடுப்பு தோற்றதால் கம்பெனியின் மதிப்பு குலைந்து, மிச்சக் காப்பரசைக் கேட்கும் பேச்சும் அடங்கியது. மூன்று அரசர்களின் பயணத்துக்கு இதில் பாதிப் பங்கு, ரோட்ஸின் அவசரபுத்திக்கு மீதிப் பாதி என்பதே சரியான கணக்கு.

காப்பரசை நல்லாட்சி என்று நினைத்துவிடக் கூடாது. தவானா மக்களின் தலைவர் செக்கோமாவை 1906-இல் வழக்கு விசாரணை இல்லாமல் காவலில் வைத்தார்கள். அவர் லண்டன் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். 1910-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இது: காப்பரசு அந்நிய நாடு; ஆனாலும் 1890-ஆம் ஆண்டின் அயல்நாட்டு அதிகாரச் சட்டத்தின் கீழ் அரசு பிறப்பித்த ஆணை அங்கே செல்லும்; உயர் ஆணையரின் அறிவிப்பு ஒன்றே அவரை அடைத்து வைக்கப் போதும். பிரிட்டிஷ் மண் அல்ல என்பதால் பிரிட்டிஷ் குடிமகனுக்கான பாதுகாப்பு இல்லை. பிரிட்டிஷ் அதிகாரத்துக்கோ தடையும் இல்லை. ஏட்டுக்கும் நடைமுறைக்கும் இடையே இருந்த விலகல் இதுதான்.

பசுட்டோலாந்தும் (இன்றைய லெசோத்தோ) சுவாசிலாந்தும் (இன்றைய எஸ்வாத்தினி) இதே உயர் ஆணையரின் கீழ் வந்தவை. முதலாவது 1884 முதல் நேரடியாக அரசியிடம், இரண்டாவது போயர் போருக்குப் பிறகு. 1910-இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானபோது மூன்றையும் பின்னாளில் அதனிடம் ஒப்படைக்கும் வழி சட்டத்திலேயே எழுதப்பட்டது. ஒப்படைப்பு கடைசிவரை நடக்கவில்லை.

சாம்பேசிக்கு வடக்கே இரண்டு முறைகளும் கலந்தன. லோசி அரசர் லெவானிக்கா, தம் நண்பர் காமாவுக்குக் கிடைத்தது போன்ற அரசியின் பாதுகாப்பைக் கேட்டார். 1890 ஜூனில் வந்து ஒப்பந்தம் போட்ட ஃபிராங்க் லாக்னர் கம்பெனியின் ஆள். ஆண்டுக்கு 2,000 பவுண்டு வாக்களித்து, கனிம உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார். அரசியோடு பேசுவதாக நம்பிய லெவானிக்கா ஒரு கம்பெனியோடு கையெழுத்திட்டிருந்தார். கம்பெனியின் பிரதிநிதி ராபர்ட் கோரிண்டன் அங்கே வந்து சேர 1897 ஆனது. 1900-இல் புதிதாக எழுதிய ஒப்பந்தத்தில் அந்தத் தொகை 850 பவுண்டாகக் குறைந்தது.

கம்பெனி ஆட்சிக்கு முடிவு கட்டியதும் ஒரு வழக்குதான். தெற்கு ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வேக்குக் கம்பெனிக் காலத்துப் பெயர்) பிரித்துக் கொடுக்காமல் மீந்த நிலம் யாருடையது என்ற கேள்வி, பேரரசின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1918-இல் தீர்ப்பு வந்தது: லிப்பர்ட் பத்திரத்தால் நில உரிமை கிடைக்காது, நிலம் கம்பெனியுடையதல்ல, குடியேறிகளுடையதும் அல்ல, அரசுடையது. ஆப்பிரிக்க மக்கள் சார்பில் வைத்த வாதமும் தள்ளுபடியானது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகத் தன் நிலம் என்று சொல்லி விற்றதற்கு அடிப்படையே இல்லை என்று ஆனது. விற்ற நிலம் விற்றதாகவே இருந்தது. நிலம் இல்லாத கம்பெனிக்கு ஆட்சி வெறும் செலவாகிவிட்டது. 1922 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில், ஏறத்தாழ வெள்ளையர் மட்டுமே வாக்களிக்க, 8,774 பேர் தன்னாட்சிக்கும் 5,989 பேர் தென்னாப்பிரிக்காவோடு இணைவதற்கும் வாக்களித்தார்கள். 1923-இல் தெற்கு ரொடீசியா குடியேறிகளின் தன்னாட்சிக் காலனி ஆனது. கம்பெனிக்கு 37,50,000 பவுண்டு இழப்பீடு. 1930-இன் நிலப் பங்கீட்டுச் சட்டம் நாட்டின் பாதி நிலத்தை வெள்ளையருக்கென்று ஒதுக்கியபோது, கம்பெனி போட்ட வேலிகளே அதற்கு வரைபடமாக இருந்தன.

வடக்கு ரொடீசியா, இன்றைய சாம்பியா, 1924 ஏப்ரல் 1 அன்று காப்பரசு ஆனது. ஆட்சியை ஒப்படைத்த கம்பெனி கனிம உரிமையை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் செம்புப் பட்டை என்ற செம்பு வளப் பகுதியில் பெருஞ்சுரங்கங்கள் திறந்தன. வெட்டியெடுக்கும் செம்புக்கெல்லாம் கம்பெனிக்கு உரிமைத் தொகை வந்துகொண்டே இருந்தது. 1950-இல் ஓர் உடன்பாட்டின்படி, நிகர வருவாயில் 20 விழுக்காட்டை அரசுக்குத் தருவதாகவும் 1986-இல் உரிமையை விட்டுவிடுவதாகவும் கம்பெனி ஒப்புக்கொண்டது. சுதந்திரம் நெருங்கியபோது, பின்னர் சாம்பியாவின் முதல் அதிபரான கென்னத் கவுண்டாவின் அரசு பழைய பத்திரங்களை எடுத்துப் பார்த்தது. செம்புப் பட்டை லம்பா மக்களின் பகுதி. லெவானிக்காவின் ஆட்சி அங்கே செல்லவே இல்லை. தமக்குச் சொந்தமில்லாததை அவர் எப்படி எழுதிக்கொடுத்திருக்க முடியும் என்று கேட்டது. 1964 அக்டோபர் 24 அன்று சாம்பியா பிறப்பதற்குச் சற்று முன்னர் கம்பெனி 40 லட்சம் பவுண்டு பெற்றுக்கொண்டு உரிமையைக் கைவிட்டது. அதில் பாதியைக் கொடுத்தது பிரிட்டன். மறுபாதியைக் கொடுத்தது சாம்பியா.